பட்டியலில் இல்லாத ஆமென்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பட்டியலிலிருந்து பிறந்தது. அந்தப் பட்டியலும் என் கற்பனைதான். ஆசிய நாடுகள் தொலைக்காட்சியில் மோதிக்கொண்ட அந்தப் பாட்டுப் போட்டியை எங்கும் தேடாதீர்கள், கிடைக்காது. நம் இலங்கை அதில் கலந்துகொண்ட வரலாறு நான்கே வரி:

1982 – பதினோராம் இடம்.
1983 – பங்கேற்கவில்லை.
1984 – ஆறாம் இடம். பாடியவர்: டொறீன்.
1985 – கடைசி இடம். அதோடு சரி.

இரண்டாம் வரிக்குக் காரணம் எழுத ஆரம்பித்தேன். "அந்த ஜூலையில் மாத்தளைக் கடைத்தெருவில் தமிழர் கடைகள்..." (வேண்டாம். 'பங்கேற்கவில்லை' என்ற சொல்லே போதும். உங்களுக்குத் தெரியும்.)

2

முதல் தொடக்கம்: "டொறீன் ஒரு பிறவிப் பாடகி." (அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாவது: "ரத்தொட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் மலையின் மூடுபனி இறங்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர் இராயப்பன்." இது பரவாயில்லை.

இராயப்பனுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. மற்றவர்கள் ஆமெனை அமைதியாக இறக்கி முடிப்பார்கள். இவரோ 'ஆ'வை இழுத்து, கீழே இறக்கி, 'மென்'னை மட்டும் மேலே தூக்கி நிறுத்துவார். வஹகோட்டைக் கோயில் திருவிழாக் கூட்டத்துக்குள் அது கேட்டால், "இராயப்பன் வந்திட்டாருடோய்" என்பார்கள். அவர் மகள் டொறீனுக்கும் எந்தப் பாட்டு முடிந்தாலும் அந்த ஆமென் தானாக வந்துவிடும். சினிமாப் பாட்டுக்குக்கூட. தோட்டமே அவளைக் கேலி செய்தது.

3

1984. டொறீன் தெரிவாகிவிட்டாள். இருபத்திரண்டு வயது. பாட்டு சிங்களத்தில்.

பயணத்துக்கு முன் பெயர் அட்டை எழுதும்போது தெரிவுக்குழுவில் ஒருவர் பேனாவை நிறுத்தினார். (இவரை வில்லனாக்க மூன்று முறை முயன்றேன், முடியவில்லை. அவளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்த மனிதர்.)

"இராயப்பன் வேண்டாமே, மகள்," என்றார் சிங்களத்தில். "டொறீன் என்று மட்டும் போட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். காலம் சரியில்லை."

டொறீன் என்ற பெயர் அப்படிப்பட்டது. சிங்களவரிடமும் இருக்கும், பறங்கியரிடமும் இருக்கும், நம்மிடமும் இருக்கும்.

அவள் தலையாட்டினாள். அவர் அப்பாவின் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார்.

4

நேரடி ஒளிபரப்பு. ரத்தொட்டையில் மர்சூக்கின் ரேடியோ திருத்தும் கடையில் டிவி இருந்தது. பின்னேரம் ஆறு மணிக்கே சனம் ரோட்டை அடைத்துவிட்டது. இராயப்பன் முன்வரிசையில். மீதியை மர்சூக்கே சொல்லட்டும்:

"பனி எறங்கி படமெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கு. நான் கூரையில ஏறி அன்டெனாவ திருப்புறேன். கீழ 'டொறீன்'னு மட்டும் சொல்றாங்க. சனம் இராயப்பன் அண்ணன பாக்குது. அவரு தரையவே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அந்தப் புள்ள என்னா பாட்டு பாடிச்சி! பாட்டு முடியுது, கை தட்டப் போறாங்க, அப்ப 'ஆ'ன்னு இழுத்து, கீழ எறக்கி, 'மென்'ன மேல தூக்கி வச்சிச்சி பாருங்க. யா அல்லாஹ்! எனக்கு மேலெல்லாம் சிலுத்திருச்சி. இராயப்பன் அண்ணன் தலைத்துண்ட அவுத்து நெஞ்சுல வச்சாரு. 'பாருங்க இந்தக் கழுதய, டிவியிலயும் பூசைய முடிக்கிறா'ன்னு சிரிச்சாரு. கண்ணுல தண்ணி ஊத்துது."

பெயர் அட்டையில் அடிக்கப்பட்ட ஒரு தோட்டத்து மனிதர் அத்தனை நாடுகளுக்கும் கேட்டுவிட்டார்!* எழுதும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கிறது. மறைக்க மாட்டேன்.

* ஆறாம் இடம் அதற்காகத்தானா என்று கேட்காதீர்கள். நடுவர்கள் அதைப் பாட்டின் ஒரு பகுதி என்று நினைத்ததாக வைத்திருக்கிறேன்.

5

2009. மாத்தளையில் டொறீன் வீட்டுக்குக் கதைசொல்லியை அனுப்பினேன். அதாவது, நானே போனேன். பட்டியலில் முழுப் பெயரைப் போட அனுமதி வேண்டும்.

"வேணாங்க," என்றார். "அப்பா பேர வெட்டுறப்ப நான் தலையாட்டிக்கிட்டு இருந்தேன். அவரு சாகுற வரைக்கும் அதப்பத்தி ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா அழுதாச்சும் தீத்திருப்பேன்."

"அக்கா, அந்த ஆமென்? அப்பாவ நெனச்சி வேணும்னேதானே பாடுனீங்க?"

(ஆம் என்று சொன்னால் போதும், கதை அழகாக முடிந்துவிடும். எழுதியும் வைத்திருந்தேன்: "வேணும்னேதான் தம்பி" என்றபோது அவர் கண்கள்...)

"இல்லைங்க தம்பி. வாய் தவறி வந்திருச்சி. பொய் சொல்லி அப்பாகிட்ட நல்ல பேரு வாங்கமாட்டேன்."

என் பாத்திரம் நான் கொடுத்த முடிவை வாங்க மறுத்துவிட்டது. வேண்டுமென்றே பாடியிருந்தால் அது துணிச்சல், அவ்வளவுதான். இது அதைவிடப் பெரியது. அன்றைக்குத் தலையைக் கேட்டார்கள், தலை ஆடியது. தொண்டையை யாரும் கேட்கவில்லை.

6

மூன்றாம் வரி இப்போது இப்படி நிற்கிறது:

1984 – ஆறாம் இடம். பாடியவர்: டொறீன் ....................

அவர் வேண்டாம் என்றார். இராயப்பன் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் புள்ளிகளை அழிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. பேனாவை உங்களிடம் தருகிறேன். நிரப்பினாலும் சரி, விட்டாலும் சரி. அதற்கு முன் ஒரே ஒரு தடவை, பக்கத்தில் யாராவது இருந்தாலும் பரவாயில்லை, 'ஆ'வை இழுத்து, கீழே இறக்கி, 'மென்'னை மேலே தூக்கிப் பாருங்கள்.