சர்க்கரை நோயற்ற கிராமம்

ஆண்டு விழாவுக்கு முதல் நாள் காலையில், சாமான் அறையில் கிடந்த பழைய ஃபிரிட்ஜைத் திறந்த ரஃபியாவின் முகத்தில் அழுகல் வாடை அடித்தது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல்வரை ஓடிவிட்டாள். சென்னையிலிருந்து விருந்தினர் வருகிறார்கள், சாமான் அறையை ஒரே நாளில் ‘ஆராய்ச்சி மைய’மாக மாற்ற வேண்டும் என்பது தாளாளரின் உத்தரவு. ஒட்டடை அடித்து, நாலு மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்து வைத்தால் ஆராய்ச்சி மையம் ஆகிவிடும் என்று நம்புகிறவர் அவர்.

மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பப் போய்ப் பார்த்தாள். மின்சாரம் இல்லாத ஃபிரிட்ஜுக்குள் யாரோ மறந்துவிட்ட பால் பாக்கெட் வீங்கி வெடித்திருந்தது. அது வழிந்து இறங்கிய கீழ்த்தட்டில், தாங்கிகளில் வரிசையாக ரத்தக் குழாய்கள். கருத்து, கட்டியாகி, சில மூடி தெறித்துக் கிடந்தன. ஒன்றை விரல் நுனியால் எடுத்துத் திருப்பினாள். அவளுடைய மாணவி அப்ரினின் கையெழுத்தில் ‘முத்துமாரியம்மாள், வேலாயிபுரம்’ என்று இருந்தது. ஆடி மாதத்து இலவச முகாமில் எடுத்த ரத்தம். தேனிக்குப் பரிசோதனைக்குப் போனதாக அலுவலகம் சொன்ன ரத்தம்.

ரஃபியா அந்தச் சிகரம் சமுதாயக் கல்லூரியில் ஆய்வகப் பயிற்சி ஆசிரியை. கம்பம் போகும் சாலையில் மூன்று மாடிக் கட்டடம். பிளஸ் டூ தாண்டாதவர்களுக்கும், தாண்டியும் வெளியூர் போக வழியில்லாதவர்களுக்கும் தையல், ஏசி மெக்கானிக், அழகுக்கலை, ஆய்வக உதவியாளர் என்று ஓராண்டுப் படிப்புகள். சொல்லிக்கொடுக்கிறவர்களில் நல்லவர்கள் உண்டு. படிக்க வரும் பிள்ளைகள் தங்கம். நாற்றமெல்லாம் மேல்மாடியில்தான். வருடா வருடம் அங்கே சாதனைப் பட்டியல் தயாராகும். அப்பா கடையில் வெங்காயம் நிறுத்துப் போடும் அஷ்ரப், ‘முன்னணி வணிக நிறுவனத்தில் மேலாளர்’ ஆவான். அழகுக்கலை படித்துவிட்டு போடிக்குக் கல்யாணமாகிப் போன பெண், ‘சுயதொழில் முனைவோர்’ ஆவாள். இதையெல்லாம் ரஃபியா சிரித்துக்கொண்டே பொறுத்திருந்தாள். யாருக்கும் கேடில்லையே என்று இருந்துவிட்டாள்.

ஆனால் வேலாயிபுரம் அப்படியில்லை. கூடலூருக்கு அப்பால், மலையடிவாரத்தில் கல்லூரி தத்தெடுத்த ஊர் அது. ஊரே விடியுமுன் ஜீப்பில் ஏறிக் குமுளி தாண்டி ஏலக்காட்டுக்குப் போய்ப் பொழுது சாய இறங்கிவரும். முகாம் முடிந்து சில வாரத்தில், ஊரில் ஒருவருக்குக்கூடச் சர்க்கரை இல்லை என்று முடிவு வந்திருப்பதாகச் சொல்லி, ஊர் எல்லையில் பந்தல் போட்டு ஒரு போர்டைத் திறந்து வைத்தார்கள். ‘சர்க்கரை நோயற்ற கிராமம்.’ முக்கால்வாசி இடத்தில் தாளாளர் சுயம்புலிங்கம் கும்பிட்டுக்கொண்டிருப்பார். மூலையில் முத்துமாரியம்மாள் சிரித்துக்கொண்டிருப்பாள். ஓர் ஊர் முழுக்க ஒருவருக்கும் இல்லையா என்று ரஃபியாவுக்கு அன்றே உறுத்தியது. மலை ஏறி இறங்குகிற உடம்புகள், இல்லாமலும் இருக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக் கை தட்டிவிட்டு வந்தாள். அந்தக் கைகளை இப்போது சோப்பு போட்டுக் கழுவிக் கழுவிப் பார்த்தாள். வாடை போகவில்லை.

தாளாளர் அறையில் சுயம்புலிங்கம் விழாவுக்கான ஃப்ளெக்ஸில் தன் மீசை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ரஃபியா குழாயை மேசைமேல் வைத்தாள். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“ஏம்மா, கருமத்த எதுக்கு இங்கன கொண்டாந்து வைக்கிற?”

“டெஸ்ட்டே பண்ணலையா சார்?”

“பண்ணணும்னுதாம்மா இருந்தோம். அன்னைக்குப் பாத்து வேன் மதுரைக்குப் போயிருச்சு. அப்புறம் ஃபிரிட்ஜு ரிப்பேரு. ஜனங்க ரிசல்ட்டு கேட்டு ஆபீசுக்குப் போனு மேல போன் போட்டாக. நம்ம கிளார்க் விஜய்ராஜ்தான் எல்லாருக்கும் நார்மல்னு சொல்லிட்டான். நல்ல சேதிதான? யாராச்சும் வருத்தப்பட்டாகளா?”

“போர்டு வச்சிருக்கோமே சார்!”

“எல்லாரும் நார்மல்னா அது சக்கரை இல்லாத ஊருதானம்மா. அந்த ஐடியாவுக்கு, நமக்குப் பணம் குடுக்குற சென்னைக் கம்பெனிக்காரக எப்படிச் சந்தோசப்பட்டாக தெரியுமா? ஆண்டறிக்கையில மொத சாதனையே அதான். நாளைக்கு அந்த முத்துமாரியம்மாள நீதான் மேடைக்குக் கூட்டியாரணும். பயனாளி பேசுனாத்தான் எடுப்பா இருக்கும்.” அவர் வாய் கூசவே இல்லை. பீரோவை நகர்த்தச் சொல்வதுபோலச் சொன்னார். ரஃபியாவுக்கு ஃபிரிட்ஜின் நாற்றமே தேவலை என்று இருந்தது.

சாயங்காலம் அவள் பஸ் பிடித்து வேலாயிபுரம் போனாள். போர்டுக்குக் கீழேதான் ஜீப் நின்றது. பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய முத்துமாரியம்மாள் வலது காலை ஊன்றாமல் கம்பியைப் பிடித்துத் தொங்கி இறங்கினாள். ஐம்பதை ஒட்டிய வயது. காலில் பழைய சேலைத் துணியைச் சுற்றியிருந்தாள். துணியைச் சுற்றி ஈக்கள்.

“வா டீச்சர்! நாளைக்கு வரேன்னு ஆபீசுல சொல்லிட்டேனே, அதுக்குள்ள நீயே வந்துட்டியா?”

“காலுல என்னக்கா?”

“அட்டைதான். ஐப்பசி மழையில விரலிடுக்குல கடிச்சது. எப்பயும் பொகையிலைய நசுக்கி வச்சா காஞ்சிரும். இந்த வருசத்து அட்டைக்கு என்ன விசமோ, ஆறவே மாட்டேங்குது.”

ரஃபியா அங்கேயே ஒரு கல்லில் அவளை உட்காரவைத்துத் துணியைப் பிரித்தாள். புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த பூச்சுக்கு அடியில் பெருவிரல் கருத்திருந்தது. அழுத்தினாள். முத்துமாரியம்மாள் முகம் சுளிக்கவில்லை. வலி தெரிய வேண்டிய இடத்தில் வலியே இல்லை. ஃபிரிட்ஜுக்குள் அடித்த அதே வாடை.

“மாத்திரை சாப்பிடுறீகளாக்கா? கூடலூர் ஆஸ்பத்திரியில சக்கரைக்கு எதுவும் குடுத்திருந்தாகளா?”

“அதையா? இந்தப் போர்டு வச்ச அன்னைக்கே தூக்கி எறிஞ்சுட்டேன். நான் மட்டுமா? ராஜமணி, அம்மாவாசி, எங்க தெருவுல முக்காவாசிப் பேரு எறிஞ்சுட்டாக. மலை ஏறுற ஒடம்பு, தானாப் போயிருச்சுன்னு சொன்னாகள்ல?”

ரஃபியா எல்லாவற்றையும் சொன்னாள். ரத்தத்தை யாரும் பார்க்கவே இல்லை, இது அட்டைக்கடி இல்லை, இப்போதே தேனி ஆஸ்பத்திரிக்குப் போனால் காலைக் காப்பாற்றலாம் என்று கெஞ்சினாள். முத்துமாரியம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் துணியைத் திரும்பச் சுற்றிக்கொண்டாள்.

“ஆத்தா, நீ நல்ல புள்ள. ஆனா ஒனக்கும் அந்தக் காலேஜுக்கும் ஏதோ சண்டை சடவு போல. பந்தல் போட்டு, மைக்கு வச்சு, அம்புட்டுப் பெரிய மனுசக சொன்னாக. நீ ரோட்டோரத்துல ஒருத்தியா நின்னு சொல்ற. நான் யாரை நம்ப? காலப் பாக்கப் போறேன்னு நாலு நாள் நின்னா, கங்காணி கர்ணன் ஜீப்புல என் எடத்துல வேற ஆள ஏத்திருவான். அம்புட்டுத்தான் என் பொழப்பு.”

அவளைக் குறை சொல்ல ரஃபியாவால் முடியவில்லை. பொய் மேடையில் ஏறி வந்தது. உண்மையும் மேடை ஏறினால்தான் இந்த ஊரில் எடுபடும். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள். மறுநாள் கைப்பையில் சர்க்கரை பார்க்கும் சின்ன மீட்டரைப் போட்டுக்கொண்டாள்.

விழா அமர்க்களமாக இருந்தது. வேலாயிபுரத்துப் பெண்களைக் கல்லூரி வேனில் அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். விருந்தினர் கண்ணில் படுவதற்காகத்தான். முத்துமாரியம்மாள் கத்தரிப்பூ நிறச் சேலை கட்டியிருந்தாள். பரிசாகக் கொடுத்த புதுச் செருப்பில் வீங்கிய கால் நுழையவில்லை. கட்டு வெளியே தெரியாமலிருக்க மேடையில் மைக் வைத்த மேசைக்குப் பின்னால் நிற்கச் சொல்லி விஜய்ராஜ் அவளை நகர்த்தினான். அவளும் நகர்ந்துகொண்டாள். சுயம்புலிங்கம் ஆண்டறிக்கை வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல். மேலாளர் அஷ்ரப் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டான்.

“இப்போது வேலாயிபுரத்தின் வெற்றிக் கதையை நம் பயனாளி சொல்வார்!”

ரஃபியா முத்துமாரியம்மாளின் பக்கத்தில் மைக்குக்கு வந்தாள். “அதுக்கு முன்னாடி எங்க ஆய்வகம் சார்பா ஒரு சின்ன செய்முறை” என்றாள். சென்னை விருந்தினர் ஆவலாக முன்னால் சாய்ந்தார். தாளாளருக்கு மறுக்கத் தோன்றவில்லை. ரஃபியா முத்துமாரியம்மாளின் விரலில் குத்தி, சொட்டு ரத்தத்தை மீட்டரில் வைத்தாள். எண் வந்தது. மைக்கில் நிதானமாக வாசித்தாள்.

“நானூத்தி எழுபது.”

முன்வரிசை கப்பென்று அடங்கியது. சர்க்கரை மாத்திரை தின்றவர்களுக்கு அந்த எண்ணின் அர்த்தம் தெரியும்.

“இந்த அக்காவோட ரத்தத்த இந்தக் காலேஜு ஒருநாளும்…” என்று தொடங்கும்போதே விஜய்ராஜ் வயரைப் பிடுங்கிவிட்டான். மீதியை அவள் தொண்டை கிழியச் சொன்னாள். மேளக்காரர்கள் சட்டென்று அடிக்க ஆரம்பித்ததில் அது பக்கத்தில் நின்ற முத்துமாரியம்மாளுக்கு மட்டும்தான் கேட்டது. அவள் ரஃபியாவைப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் பின்னால் மறைந்திருந்த தன் காலைப் பார்த்தாள்.

மைக் திரும்ப உயிர் பெற்றபோது அது சுயம்புலிங்கத்தின் கையில் இருந்தது. குரல் தழுதழுத்தது. “அன்பு நெஞ்சங்களே! பார்த்தீர்களா? எந்த மருத்துவமனையும் கண்டுபிடிக்காத நோயை, இதோ உங்கள் கண் முன்னால், இந்த மேடையிலேயே நம் கல்லூரி கண்டுபிடித்துவிட்டது! ஓர் ஏழைத் தாயின் உயிரைக் காப்பாற்றிவிட்டது! இந்த ஆண்டின் சிறந்த ஆசிரியை விருதை ரஃபியாவுக்கு அறிவிக்கிறேன்!”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாருக்கோ செய்துவைத்திருந்த ஒரு கேடயத்தை ரஃபியாவின் கையில் திணித்து நாலு பக்கமும் படம் எடுத்தார்கள். அவளுக்கு அந்தக் கைதட்டல் உடம்பெல்லாம் சாக்கடை தெளித்த மாதிரி இருந்தது. கேடயத்தை மேசையில் போட்டுவிட்டு, முத்துமாரியம்மாளைத் தோளில் தாங்கிப் படியிறங்கி, வெளியே கிடைத்த ஆட்டோவில் ஏற்றினாள்.

தேனி பெரியாஸ்பத்திரியில் பெருவிரலையும் அதற்கடுத்த இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் புகையிலை வைத்திருந்தால் முழங்கால்வரை போயிருக்கும் என்றார் டாக்டர். கர்ணன் ஜீப்பில் வேறு ஆள் ஏறிவிட்டாள். ரஃபியா வேலையை விட்டுவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் மீட்டரோடு போய் வேலாயிபுரத்துப் போர்டுக்குக் கீழே நின்றாள். முதல் நாள் யாரும் விரல் நீட்டவில்லை. விரல் எடுத்த சேதி ஊருக்கு வந்த அன்று ஜீப்பிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். ராஜமணிக்கு ஐந்நூற்றைத் தாண்டியிருந்தது. அவர் போர்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்த வாரக் கடைசியில் சுயம்புலிங்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை, பின்னால் விஜய்ராஜ், அவனுக்குப் பின்னால் கேமராக்காரர். கட்டிலருகே உட்கார்ந்திருந்த ரஃபியாவைப் பார்த்து எதுவுமே நடக்காததுபோலச் சிரித்தார். “நீயும் இங்கனதான் இருக்கியா? நல்லதாப் போச்சு. ‘காலைக் காத்த கல்லூரி’ன்னு அடுத்த வருச அறிக்கையில மொதப் பக்கமே இதான்” என்றார். ஆப்பிள் பையை முத்துமாரியம்மாளின் மடியில் வைத்து, தன் கையை எடுக்காமலேயே கேமராவைப் பார்த்தார்.

முத்துமாரியம்மாள் போர்வையை விலக்கிக் கட்டுப்போட்ட காலை வெளியே நீட்டினாள்.

“எடுப்பா. பக்கத்துல வந்து நல்லா எடு. ஊரு எல்லையில போர்டு வச்சிருக்கீகல்ல, அதுல எம் மூஞ்சிய எடுத்துட்டு இத ஒட்டுங்க.”

கேமராக்காரர் தாளாளரைப் பார்த்தார். சுயம்புலிங்கம் பொறுமையாகத் தலையை ஆட்டினார்.

“காலு வேணாம்ப்பா. பாக்கறவகளுக்கு அருவருப்பா இருக்கும். மூஞ்சிய மட்டும் எடு. ஏம்மா, கொஞ்சம் சிரி.”

முத்துமாரியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நெஞ்சிலிருந்து இழுத்து, ஆப்பிள் பைமேல் இருந்த அவர் கையிலேயே காறித் துப்பினாள். கேமரா அந்த நேரம் பார்த்து மின்னியது. எடுத்த படங்களையெல்லாம் கல்லூரி வாங்கிக்கொண்டது, அந்த ஒன்றைத் தவிர.