ஆணி அடித்த கண்

"பிடிச்சுக்கோம்மா," என்று சாகக் கிடந்த மாமனார் ஹால்வோர் நீட்டிய கறுப்புப் புத்தகத்தை வாங்காமல், சிங்னே அவர் தலையணையைத் திருப்பிப் போட்டாள்.

மந்திரப் புத்தகம் வைத்திருப்பவன் அதைக் கைமாற்றாமல் நிம்மதியாகச் சாக முடியாது என்று அந்த நார்வே மலைப் பள்ளத்தாக்கில் எல்லோரும் நம்பினார்கள். அதுவும் ஆணிடமிருந்து பெண்ணுக்குத்தான் போக வேண்டும். வீட்டில் அவள் ஒருத்திதான் பெண்.

"வாங்கிக்கோயேன். இழுத்துக்கிட்டுக் கெடக்காரு," என்றான் அவள் கணவன் தார்யை.

"எங்க அக்காவுக்கு உங்கப்பா செஞ்சது மறந்துபோச்சா?"



வெள்ளிக் கரண்டி காணாமல் போன வருஷம், ஜெர்மனியில் விட்டன்பர்க் நகரத்தில் பாதிரிமார் படித்த வித்தை என்று சொல்லி ஹால்வோர் அந்தப் புத்தகத்தைத் திறந்தார். அதிலிருந்தபடியே கதவில் ஒரு கண் வரைந்தார். சுற்றிலும் வட்டம், யாருக்கும் புரியாத எழுத்துகள். கருவிழியில் செம்பு ஆணி அடித்தார். திருடியவர் கண் வலிக்குமாம். மறுநாள், அந்த வீட்டில் வேலை பார்த்த சிங்னேயின் அக்கா ராக்னில் கண் வீங்கி வந்து நின்றாள். வெறும் கண்கட்டி. ஊரே அவளைத் திருடி என்றது. ஏரியின் பனி உருகியபோதுதான் அவள் உடல் கிடைத்தது.

அதே வீட்டுக்குத் தங்கை சிங்னே மருமகளாக வந்தபோது, மன்னித்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"அக்கா எடுக்கலன்னு உங்க மகன் காதுபடச் சொல்லுங்க, மாமா. அப்புறம் பார்க்கலாம்."

கிழவர் மகன் பக்கம் திரும்பினார்.

"எடுக்கல. கரண்டி அந்த வாரமே மாவுப்பெட்டில கெடச்சுது."

"ஏம்ப்பா சொல்லல?" என்று கேட்டான் தார்யை.

"சொன்னா அப்புறம் எவன் புத்தகத்த நம்புவான்?" அவர் கை மறுபடி நீண்டது. "சொல்லிட்டேன்ல. பிடிச்சுக்கோ."

"பார்க்கலாம்னுதான் சொன்னேன், மாமா," என்றாள் சிங்னே. "பார்த்துட்டேன்."

நாற்காலியை இழுத்து, அவர் கைக்கு எட்டாத தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் அவர் மகனிடமே நீட்டினார். தார்யை கையை நீட்டவில்லை. கெஞ்சினார், திட்டினார், பிறகு பெயரைச் சொல்லி அழுதார். ராக்னிலின் பெயர். மதியம் தாண்டி மூச்சு நின்றபோது, விரல்கள் புத்தகத்தை இறுகப் பிடித்திருந்தன.

உயிர் வெளியே போக ஜன்னலைத் திறந்துவிடுவது அங்கே வழக்கம். தார்யை எழுந்தான். சிங்னே ஏற்கெனவே ஜன்னலை மறைத்து நின்றிருந்தாள்.

"குளிருதுங்க," என்றாள்.

அவன் ஜன்னல் பக்கம் போகவில்லை. உள்ளே போய், ஒரு கம்பளியை எடுத்துவந்து அவள் தோளில் போர்த்தினான்.