மூன்று, பிறகு மூன்று

காகிதப் பையின் வாயைக் கிழித்து மார்லா ரிவால்வரை வெளியே எடுத்தபோது அடுப்பில் காபி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவை அடக்கம் செய்ய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கறுப்புக் கவுனுக்கு மேல் சமையல் ஏப்ரனைக் கட்டியிருந்தாள்.

பையை நேற்று மாலை ஷெரிஃப் ஆபீஸ்காரர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். "ஆறு தோட்டாவும் காலியா இருந்துச்சு. ஆண்டெனா கோபுரத்துல ஏறுறதுக்கு முன்னாடி சும்மா சுட்டுப் பழகியிருப்பாரு" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைத் தொட்டு வணங்கிப் போய்விட்டார். துப்பாக்கியோடு ஒரு சின்ன உறையும் இருந்தது. அதில் ஆறு காலித் தோட்டாக்கள். 'உருளைக்குள் இருந்தவை' என்று உறையின் மேல் எழுதியிருந்தது.

அந்த எழுத்தைத்தான் மார்லா நின்றபடியே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா எல்வுட் சுட்டு முடித்தால் காலித் தோட்டாவைத் தட்டிக் கொட்டுவார். குழலைத் துடைப்பார், எண்ணெய் போடுவார், பூட்டி வைப்பார். பிறகுதான் மறு வேலை. மார்லா பிறந்த சேதி வந்த அன்றும் துடைத்து முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்று அம்மா சாகிறவரைக்கும் குத்திக்காட்டினாள். அந்த மனிதர் காலித் தோட்டாக்களை உருளைக்குள் வைத்துக்கொண்டா அறுபது அடி ஆண்டெனா கோபுரத்தில் ஏறுவார்?

மாட்டார். கோபுரத்திலிருந்து விழுந்த பிறகுதான் சுட்டிருக்கிறார்.

மார்லாவுக்கும் தம்பி ராய்ஸுக்கும் ஏபிசிடிக்கு முன்னால் அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். காட்டில் வழி தவறினால் மூன்று முறை சுடு. நூறு வரைக்கும் எண்ணு. யாரும் வரவில்லை என்றால் மறுபடி மூன்று. இந்த மலையில் மூன்று சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடணும், அது எதிரியாக இருந்தாலும் சரி என்பார். ரிவால்வரில் ஆறு தோட்டா. மூன்று, பிறகு மூன்று. அதற்கு மேல் சுட அவரிடம் எதுவும் இல்லை.

கைபேசி அந்தப் பள்ளத்தாக்கில் எடுக்காது. இடுப்பில் இருந்த கை ரேடியோ விழுந்த வேகத்தில் நொறுங்கிவிட்டது. விழுந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை எட்டு மணி. பட்டப்பகல். சுற்றிலும் துப்பாக்கிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த ஜனங்கள். ஒரு பயல் வரவில்லை.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் காபிப் பாத்திரத்தைத் தொட்டியில் விட்டெறிந்தாள்.

பின்வாசலில் ஆர்வில் நின்றுகொண்டிருந்தார். அப்பாவின் ரேடியோ கிளப்புக்குத் தலைவர், நாற்பது வருஷ சிநேகிதர். சனிக்கிழமை மதியம் வந்து உடலைப் பார்த்தவரும் அவர்தான். கோட்டு சூட்டோடு வந்திருந்தாலும் இடுப்பில் கை ரேடியோ தொங்கியது.

"மார்லா, ஒன்னு கேக்கணும்மா. கல்லறையில நம்ம வழக்கப்படி எல்வுட்டோட கால்சைனை ரேடியோவுல கடைசியா மூணு தடவ கூப்பிடணும். பதில் வராது. அப்புறம் அவரோட ரேடியோ நிலையத்த மூடிட்டோம்னு அறிவிக்கணும். உனக்குச் சம்மதம்தானே?"

"சனிக்கிழமையும் மூணு தடவ கூப்பிட்டீங்கல்ல?"



ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை எட்டு மணிக்குக் கிளப்பில் ஆஜர் எடுப்பார்கள். ரேடியோவில் ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கும் எழுத்துப் பெயரை, அந்தக் கால்சைனை, வரிசையாகக் கூப்பிடுவார்கள். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். இருபத்தாறு வருஷத்தில் எல்வுட் பதில் சொல்லாத சனிக்கிழமை மூன்றோ நான்கோ.

"கூப்பிட்டேன்" என்றார் ஆர்வில். "ஆண்டெனாவ எறக்கப் போறேன்னு முந்தின வாரமே சொல்லியிருந்தாரு. அதான் லைன்ல இல்லன்னு நெனச்சேன். ஆனாலும் மனசு கேக்கல. அதான் மத்தியானம் வந்து பாத்தேன்."

"மத்தியானம்! ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்க."

பெரியவர் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். அவர் நின்ற விதத்தைப் பார்க்க இவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அவர் திருப்பிக் கத்தினால் தேவலை.

"இன்னொன்னு" என்றார் தயங்கி. "சுடுற கிளப்புக்காரங்க மரியாதைக்கு மூணு வேட்டு போடணுங்கிறாங்க."

"ஒரு வேட்டு கெடையாது. இன்னிக்கு இந்த மலையில எவனாவது மூணு வேட்டு போட்டா, அவன் துப்பாக்கியப் புடுங்கி ஆத்துல வீசுவேன். போய்ச் சொல்லுங்க."

ஆர்வில் போகவில்லை. மேஜைமேல் கிடந்த ரிவால்வரையும் ஆறு காலித் தோட்டாக்களையும் அப்போதுதான் பார்த்தார். உறைமேல் இருந்த எழுத்தைப் படித்தார். நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார்.

"கடவுளே" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ராய்ஸ் இரண்டு கைகளிலும் மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அடக்கம் முடிந்து வருகிறவர்கள் உட்கார சர்ச்சிலிருந்து வாங்கி வந்தவை. ஓடைக்கு அந்தப் பக்கம் அவன் வீடு. இங்கே தட்டு உடைந்தால் அங்கே கேட்கும்.

எல்வுட்டுக்குப் பேச்சுக்கு ஆள் பஞ்சமே இல்லை. பிரேசிலில் ஒரு பல் டாக்டர், பின்லாந்தில் ஒரு பாதிரியார், ஜப்பானில் கண் தெரியாத ஒரு மீனவர் என்று உலகம் முழுக்க ரேடியோவில் உறவு. பெற்ற மகனோடு மட்டும் ஆகஸ்டிலிருந்து பேச்சு இல்லை. தாத்தா காலத்து வேட்டை ரைஃபிளை ராய்ஸின் கையில் கொடுத்தார். அவன் லாரிக்கு எஞ்சின் மாற்ற அதை விற்றுவிட்டான். அவ்வளவுதான் விஷயம். அதற்கு மூன்று மாதம் முகம் திருப்பிக்கொண்டு, ஓடைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர்.

"சனிக்கிழமை காலையில வீட்டுலதானே இருந்தே?" என்றாள் மார்லா.

"ஏன்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இருந்தேன்."

"வேட்டுச் சத்தம் கேட்டுச்சா?"

ராய்ஸ் நாற்காலிகளைச் சுவரில் சாய்த்து வைத்தான். ஒன்று வழுக்கி விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

"திங்கக்கெழம மான் சீசன் தொறக்குது மார்லா. ஊரே குறி சரி பாத்துக்கிட்டிருக்கு. மூணு சுடுவான், போய் அட்டையப் பாப்பான், திருகாணியத் திருகுவான், மறுபடி மூணு சுடுவான். காலையில எந்திரிச்சா அதே சத்தந்தான். எதுன்னு ஓடுறது?"

ஆர்வில் தலையை ஆட்டினார். அது நிஜம்தான். இந்த வாரம் முழுக்க மலை அப்படித்தான் முழங்கிக்கொண்டிருந்தது.

"மான் சுட ரைஃபிள குறி பாப்பாங்க" என்றாள் மார்லா. "ரிவால்வர யாரு பாக்குறா? ஏழு வயசுல கண்ணக் கட்டிவிட்டா, எது எந்தத் துப்பாக்கின்னு சத்தத்த வச்சே சொல்லுவே. அப்பா கடைத்தெருவெல்லாம் சொல்லிப் பீத்திக்கிட்டாரு. உனக்கா தெரியல?"

ராய்ஸ் அவளைப் பார்க்கவில்லை. ரிவால்வரைப் பார்த்தான்.

"தெரிஞ்சுது" என்றான்.

அவன் ரிவால்வரைத் தொடாமல் மேஜையோரம் வந்து நின்றான்.

"ரிவால்வர்னு தெரிஞ்சுது. கெழவன் எனக்குக் கேக்கணும்னே ஓடக்கரையில நின்னு தகர டப்பாவச் சுடுறான், வீம்பு காட்டுறான்னு நெனச்சேன். போய்யா, சுட்டுக்கோன்னு ஜன்னலச் சாத்தினேன். போதுமா? அப்புறம் மறுபடி மூணு கேட்டுச்சு. முட்டை வறுத்துக்கிட்டிருந்தேன். தின்னேன். ஆமா, தின்னேன்!"

"மனுஷனாடா நீ?"

"நீ என்ன?" அவன் குரல் கூரையைத் தொட்டது. "கீழ ஆள் இல்லாம கோபுரத்துல ஏறக் கூடாதுன்னு சொன்னவரு அவரு. நான் மொகத்த திருப்பிக்கிட்டேன், சரி. கயிறு புடிக்க உன்னத்தானே வரச் சொன்னாரு? ரெண்டு வாரமா போன் பண்ணினாரே. ஆர்வில்கிட்டகூட சனிக்கிழமை மார்லா வர்றான்னு சொல்லியிருக்காரு, ஆர்வில்தான் எங்கிட்ட சொன்னாரு. வந்தியா நீ? எங்க இருந்தே?"

மார்லா கொலம்பஸ் நகரத்தில் இருந்தாள். அடுத்த வாரம் பார்க்கலாம்பா, அந்தக் கம்பியும் கட்டையும் எங்கும் ஓடிவிடாது என்று வெள்ளிக்கிழமை இரவு போனில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். அவரும் சிரித்தார். பனி விழுந்துவிட்டால் ஏற முடியாது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். பிறகு அங்கே மழையா என்று கேட்டார். அவ்வளவுதான் பேசினார்கள்.

இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. கையில் அகப்பட்ட காபிக் கோப்பையை எடுத்துச் சுவரில் அடித்தாள். அது உடையாமல் உருண்டு ராய்ஸின் காலடிக்குப் போனது. அவன் குனிந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, விழுந்த நாற்காலியையும் நிமிர்த்திவிட்டு வெளியே போனான்.

கல்லறையில் காற்று பலமாக அடித்தது. பாதிரியார் சுருக்கமாக முடித்தார். அக்காவும் தம்பியும் குழிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். சுடுகிற கிளப்புக்காரர்கள் வெறுங்கையோடு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

ஆர்வில் ரேடியோவை வாய்க்கருகில் பிடித்து எல்வுட்டின் கால்சைனைச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி, தெளிவாக. கைவிரலை எடுத்தார். ரேடியோ இரைந்தது. மறுபடி கூப்பிட்டார். இரைச்சல். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவர் குரல் பாதியில் உடைந்தது; முதல் எழுத்திலிருந்து திரும்பத் தொடங்கினார்.

மார்லா தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பது. நாற்பத்தொன்று. எதிரே ராய்ஸின் உதடுகளும் அசைந்தன. அவனும் எண்ணுகிறான் என்பது தெரிந்ததும் அவன்மேல் இருந்த ஆத்திரம் இன்னும் கூடியது. இப்போது எண்ணி என்ன பிரயோஜனம்?

"பதில் இல்லை" என்றார் ஆர்வில் ரேடியோவில். "நம்ம எல்வுட்டோட தந்தி விசை ஓஞ்சிருச்சு. இந்த நிலையம் மூடப்பட்டது. எல்லாருக்கும் நன்றி."

வீட்டில் பன்றித் தொடைக் கறி, உருளைக்கிழங்கு சாலட், பீன்ஸ், பழம் வைத்துச் சுட்ட பை நான்கு வகை என்று அக்கம்பக்கத்தார் கொண்டுவந்தது மேஜை கொள்ளாமல் இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் முதலில் மெல்லிய குரலில் பேசினார்கள். கறி உள்ளே போனதும் குரல் ஏறியது. அந்த மனிதரின் ரேடியோப் பெட்டிகள் யாருக்கு, துப்பாக்கிகள் யாருக்கு என்று மூலையில் இரண்டு பேர் நாசூக்காக விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மார்லா அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். சாலடுக்கு உப்புப் போதவில்லை என்று பேச்சை மாற்றினார்கள்.

ராய்ஸ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுத் தட்டோடு ஜன்னலருகில் தனியாக உட்கார்ந்திருந்தான். ஒருவரும் அவனுக்குப் பக்கத்தில் போகவில்லை. ஆர்வில் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் எப்படியோ தெரிந்திருந்தது.

அப்போது மேற்கு மேட்டுக்கு அப்பால் ஒரு வேட்டு கேட்டது.

ஏதோ சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் நிறுத்தினார். இரண்டாவது கேட்டது. ரைஃபிள்தான், சந்தேகமே இல்லை. மார்லாவின் கையில் இருந்த கரண்டி சாலடுக்குள் அப்படியே நின்றது.

மூன்று.

ராய்ஸ் தட்டை ஜன்னல் திட்டில் வைத்ததை யாரும் பார்க்கவில்லை. கதவு அடித்துக்கொண்டதுதான் கேட்டது. கோட்டு நாற்காலியிலேயே தொங்கியது. வெளியே லாரி உறுமி, சரளைக்கல்லை வாரியடித்துக்கொண்டு கிளம்பியது.

"குறி பாக்குறாங்கப்பா" என்றார் ஒருவர் மெதுவாக. "மேற்கு மேட்டு டாய்லோட பொண்ணு. புது ரைஃபிள் வாங்கியிருக்கா."

எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் மெல்லவில்லை. மார்லா எண்ணிக்கொண்டே ஜன்னலுக்குப் போனாள். முப்பதுக்கு மேல் வந்தபோது நான்காவது வேட்டு கேட்டது. உடனே ஐந்து, ஆறு, ஏழு, வரிசையாக, அவசரமில்லாமல்; உதவிக்குக் கூப்பிடுகிறவர் இப்படிச் சுட மாட்டார். மூலையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். முட்கரண்டிகள் தட்டில் தட்டுப்படும் சத்தம் மீண்டும் எழுந்தது.

அந்தச் சத்தம் லாரிக்குள்ளும் கேட்டிருக்கும். ஆனால் ஓடைப் பாலத்தைத் தாண்டி மேடேறிக்கொண்டிருந்த லாரி நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. வளைவில் மறைகிறவரை மார்லா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஜன்னல் திட்டிலிருந்து அவன் தட்டை எடுத்தாள். ஒரு வாய்தான் தின்றிருந்தான். இன்னொரு துண்டுக் கறியை அதில் வைத்து, மேலே வேறொரு தட்டைக் கவிழ்த்து, அடுப்போரமாக வைத்தாள்.