உரித்து வைத்தாற்போல்

"தலையக் கொஞ்சம் தூக்குங்க தம்பி" என்றார் நாவிதர். கவின் தூக்கினான். மொட்டைத் தலையிலிருந்து தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி மார்பை நனைத்தது. இனி மீசைதான் பாக்கி. சித்தப்பா ரத்தினசாமிக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. அண்ணன் மகனான கவின்தான் கொள்ளி வைக்க வேண்டும்.

"அந்த மூக்கப் பாருங்க, மீசையப் பாருங்க. ரத்தினத்த உரிச்சு வெச்சாப்பல இருக்கறான்" என்றாள் பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியாத்தாள் அத்தை. இறந்தவருக்கு மூத்த அக்கா. காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் இதையே காட்டிக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சி மட்டுமா? இவனும் பெருமாநல்லூரு போறேன்னு நிக்கறானாமா" என்றது பக்கத்து நாற்காலி.

"முன்னேரு போன வழிதானே பின்னேரு."

கவினுக்குப் பலகையில் இருப்புக் கொள்ளவில்லை. பெருமாநல்லூரில் ஒரு சின்ன ஷெட். சொந்தமாகத் தையல் யூனிட் போட ஆசை. ஷெட்டுக்காரர் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். அப்பா பழனிமுத்துவிடம் சொன்னபோது கிடைத்தது ஒரே பதில்: "ஊட்டுக்கு ஒரு ஓடுகாலி போதும்."

அந்த ஓடுகாலிதான் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். இளவயதில் வடக்கே லூதியானாவின் பனியன் கம்பெனிகளுக்குப் போய், தலை நரைத்துத் திரும்பியவர். வந்த பிறகு மண்ணரையில் அண்ணனின் பனியன் கம்பெனியை அவர்தான் ஓட்டினார். வடக்கத்திப் பையன்களிடம் அவர்கள் பாஷையிலேயே பேசுவார், காய்ச்சலென்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். அவர்கள் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார்கள். ஆனால் சொந்தக்காரர்களுக்கு ஓடிப்போனவன் ஓடிப்போனவன்தான். ஒரே நூல் சாயத்தொட்டி மாறினால் வேறு கலரில் வரும் என்று பனியன் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மனிதர் என்று வந்தால் மட்டும் மூக்கைப் பார்த்தே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

சித்தப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கவின் ஒருநாள் கேட்டேவிட்டான். "ஏனுங்க சித்தப்பா, எதுக்கு ஓடிப்போனீங்க?"

அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "உங்கொப்பன்கிட்டச் சொல்லீட்டுத்தான் கண்ணு போனேன். அவன் மொகத்தத் திருப்பிக்கிட்டான்."

"அப்புறம் ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"திரும்பி வந்தப்ப அல்லாரும் அப்புடித்தான் சொன்னாங்க. கேட்டுப் பழகிப்போச்சு."

அன்றிலிருந்து அப்பாவைப் பார்த்தாலே கவினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்நெஞ்சுக்காரன் என்று மனதுக்குள் பேர் வைத்துவிட்டான். இன்றைக்குக்கூட அந்த மனுஷர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. ஷிப்மென்ட் நாள்போலத் தண்ணீர் கேன் வந்ததா, வேன் வந்ததா என்று அலைந்துகொண்டிருந்தார்.

மீசை போயிற்று. கவின் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"மீச போயும் அதே ஜாடைதான்" என்றாள் அத்தை. "பழனி, இவனையும் உட்டயின்னா இதே கதைதான், பாத்துக்க."

கவினுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் அப்பா அவனைக் கடந்து வந்து பலகையில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி அவனிடம் நீட்டினார்.

"அந்த ஷெட்டுக்காரனுக்கு எப்பப் பதில் சொல்லோணும்?"

"திங்கக்கெழமைங்கப்பா."

அவர் தலையை ஆட்டிவிட்டு நாவிதர் பக்கம் திரும்பினார். "எனக்கும் மீசைய எடுத்துருங்க."

நாவிதர் தயங்கினார். "தம்பிக்கு அண்ணன் எடுக்கற வழக்கமில்லீங்களே."

"எடுங்க."

"என்ன பழனி இது, ஊரு சிரிக்கும்" என்று அத்தை எழுந்து வந்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கத்தி ஒரு பக்கத்து மீசையை வழித்து முடித்தது.

"அக்கா."

"என்னப்பா?"

"ரத்தினம் எங்கிட்டச் சொல்லீட்டுத்தானுங்க போனான். நாந்தான் போயிட்டு வான்னு சொல்லல."

அத்தை பாதி வழித்த அந்த முகத்தைப் பார்த்தாள், திரும்பிக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கவின் கையிலிருந்த மூக்குக்கண்ணாடியை ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டே நின்றான். அப்பாவின் மேலுதடு நடுங்கிக்கொண்டிருந்தது. நாவிதர் கத்தியைத் தள்ளிப் பிடித்தபடி, அது நிற்கட்டும் என்று காத்திருந்தார்.