துவைக்காத சட்டை

சலவைக்கடையில் அவளுக்கு இஸ்திரி வேலை. நாள் முழுக்க ஊரார் துணியின் சுருக்கத்தை நீவுகிறவள், தன் கைப்பையில் மட்டும் ஓர் அழுக்குச் சட்டையை வைத்துக்கொண்டு அலைந்தாள். லாரி ஓட்டிய கணவன் சாவதற்கு முன் கடைசியாகக் கழற்றிப் போட்டது. அதன் கழுத்துப்பட்டையில் டீசலும் வியர்வையும் கலந்த அவன் வாசனை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் மதியம் ஒரே ஒருமுறை முகர்ந்துவிட்டுப் பைக்குள் திணித்துவிடுவாள். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் காலையில் எழுந்து வேலைக்கு வந்தாள். மற்றபடி சோறும் மண்ணும் அவளுக்கு ஒன்றுதான்.

அன்று சட்டையை வெளியே எடுத்த நேரம் பார்த்து முதலாளி கூப்பிட்டார். மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். கோட்டில் ஏதோ கறை என்று வந்திருந்த வாடிக்கையாளர் விடாக்கண்டன், லேசில் விடவில்லை. அழுக்குத் துணியைக் கண்டால் அந்தக் கடையில் யாருக்கும் கை சும்மா இருக்காது என்பது அவளுக்குத் தெரியாததா? புத்தி எங்கே போயிற்றோ. திரும்பி வந்தபோது சட்டை இல்லை. மூட்டை மூட்டையாகக் கலைத்துத் தேடினாள்.

கடை சாத்தும் நேரத்தில் பின்கட்டிலிருந்து கஞ்சி வந்தார். துணிக்குக் கஞ்சி போடுவது அவர் வேலை, கடையில் பேரும் அதுவே ஆகிவிட்டது. ஆளும் அதே விறைப்பு. யாரிடமும் சிரித்துப் பேசி அறியாதவர். இன்றைக்கு என்னவோ முகத்தில் ஒரு வெட்கம். கையில் ஹாங்கர், அதில் அந்தச் சட்டை.

"உன் வீட்டுக்காரர் சட்டைதானேம்மா? தினம் எடுத்துப் பாக்குறதும் உள்ள வைக்கிறதுமா இருந்தே. துவைக்க மனசு வரல போலன்னு நானே எடுத்துட்டுப் போயிட்டேன். மெஷின்ல போடல, கையாலதான் துவைச்சேன். காலர் அழுக்கு போவேனான்னுச்சு. விடுவேனா? இஸ்திரிதான் உன் அளவுக்கு வரல."

வாங்கி முகத்தருகே கொண்டுபோனாள். சோப்பு. வெறும் சோப்பு. அவன் செத்த அன்றுகூட இப்படி முழுசாகப் போயிருக்கவில்லை. அட பாவி மனுஷா என்று நெஞ்சு கதறியது.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. யாருக்கும் எதுவும் செய்து பழகாத கை. உண்மையைச் சொன்னால் இந்த ஜன்மத்தில் இன்னொரு தரம் அது நீளாது.

"நல்லா வெளுத்திருக்குண்ணே" என்றாள்.

கஞ்சி சிரித்தார். அந்த முகத்துக்குச் சிரிப்பு அழகாகத்தான் இருந்தது. அவளுக்கே அது தெரிந்தது.

"வேற ஏதாவது கெடந்தாலும் கொண்டாம்மா, துவைச்சுத் தர்றேன்."

"இல்லண்ணே. இது ஒண்ணுதான் இருந்துச்சு."