மேல்வீட்டு மீட்டர்

தானே கணக்குச் சொல்லும் மீட்டர் வீடுகளுக்கு வந்த வருடம், இருபத்தாறு வருடமாகத் தெருத்தெருவாக நடந்து மின்சார அளவு எடுத்தவரைக் கொண்டுபோய்ப் புகார் அழைப்பு மையத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். காதில் மாட்ட ஒரு கருவி, எதிரே ஒரு திரை, மூன்று பக்கமும் அட்டைத் தடுப்பு. வீடுகளில் அவரை மீட்டர்காரர் என்பார்கள். இங்கே அவர் இருக்கை எண் பதினேழு.

அதற்கு முன்னால் ஒரு கூட்டம் போட்டார்கள். கழுத்தில் டை கட்டிய ஆலோசகர் ஒருவர் வந்து, மாற்றத்தைக் கண்டு பயப்படாதீர்கள், கற்றுக்கொண்டே இருப்பவனுக்கு வேலை போகாது என்று இரண்டு மணி நேரம் பேசினார். கைதட்டியவர்களில் பாதிப் பேரை அடுத்த மாதமே வீட்டுக்கு அனுப்பினார்கள். கைதட்டாதவர்களிலும் பாதிப் பேர் போனார்கள். ஆலோசகர் வேறு ஊருக்குப் பேசப் போய்விட்டார்.

மீட்டர்காரர் தப்பியது தட்டச்சுத் தேர்வினால். ஐம்பத்தொரு வயதில் மூன்று மாதம் சாயங்காலப் பயிற்சிக்குப் போய், ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தி, ஒருவழியாகத் தேறினார். கோழி பொறுக்குகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி சிரித்தாள். ஆனால் பயிற்சி நாளெல்லாம் சட்டையைத் தேய்த்து வைத்தவள் அவள்தான்.

ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். சட்டம் ஒன்றுதான்: திரையில் இருப்பதை மட்டும் பேசவேண்டும், எழுதிக் கொடுத்த வாசகத்தைத் தாண்டக்கூடாது. கேட்க எளிது. ஆனால் இணைப்பு எண்ணைச் சொன்னதும் மற்றவர்களுக்குத் திரை திறக்கும். இவருக்கு வீடே திறந்துகொள்ளும். இரண்டாம் மாதம் ஒருவர், மீட்டர் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை என்றார். இவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாடிப்படிக்கு அடியில, சைக்கிளுக்குப் பின்னாடி சார். கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

அந்த ஆள் வெலவெலத்துப் போனார். யாரோ வீட்டை வேவு பார்க்கிறார்கள் என்று மேலிடத்துக்குப் புகார் எழுதினார். குழுத்தலைவி வயதில் சின்னவள், கெட்டவள் இல்லை. கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, "இன்னொண்ணு வந்தா என் கையில எதுவும் இல்லண்ணே" என்றாள்.

அன்றிலிருந்து வாயைப் பூட்டிக்கொண்டார். காலைத்தான் பூட்ட முடியவில்லை. பதினொரு மணியானால் அது மேசைக்கடியில் தானாக அசையும். இந்நேரம் அச்சகத் தெரு முடிந்திருக்கும். வலப்பக்கம் திரும்பினால் சுவர் நிழல், நாலாவது வீட்டில் ஒரு செம்பு தண்ணீர், அடுத்து கேட்டுக்கு வெளியிலிருந்தே "மீட்டர்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். குளிர்பதன அறையில் உட்கார்ந்துகொண்டு அந்த வெயிலுக்கு ஏங்கினார். இதை யாரிடம் சொல்ல? செருப்பு தேயாமல் கிடக்கிறது, அதுவும் மிச்சம்தான் என்று மனைவி ஒருநாள் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஐந்தாம் மாதக் கடைசியில் அந்த அழைப்பு வந்தது. எண்ணைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது: கீழ்வீட்டுத் தையற்காரம்மா. பின்னால் மிஷின் ஓடி நின்றது. பில் இரண்டு மடங்காகிவிட்டதாம். அவள் கூப்பிடுவது இது மூன்றாவது தடவையாம். முன்பு இரண்டு தடவையும் வேறு இருக்கைகள், பயன்பாட்டின்படி தொகை சரியானது என்ற வாசகத்தைப் படித்து அனுப்பிவிட்டன.

சரியில்லை என்பது உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் அங்கே மீட்டர் பலகை மாற்றிய ஆள், மேல்வீட்டு வயரைக் கீழ்வீட்டு மீட்டரிலும் கீழ்வீட்டு வயரை மேல்வீட்டு மீட்டரிலும் மாற்றிக் கொடுத்துவிட்டான். மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் அலுவலகம் அசையவில்லை. இவர் மாதாமாதம் இரண்டு அளவையும் தன் கையாலேயே மாற்றி எழுதி நேர்செய்து வந்தார். புது மீட்டர் மாட்டுகிறவன் வயரைப் பார்ப்பான் என்று நம்பியிருந்தார். நம்பியிருக்கக் கூடாது.

இப்போது சொன்னால் இரண்டாவது குற்றம். ஆறு வருடம் அளவை ஏன் மாற்றி எழுதினாய் என்று அதை வேறு தோண்டுவார்கள். நான்கு வாரம் பல்லைக் கடித்தால் வேலை உறுதி. வாசகம் திரையில் தயாராக இருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. முகவரியைப் பார்த்தார். 'கீழ்த்தளம்' என்றிருந்தது.

"கீழ்த்தளம்னு போட்டிருக்கும்மா. அப்ப மேல ஒரு வீடு இருக்கும். அவங்க பில்லு எப்படி வருதாம்?"

"பாதியாக் குறைஞ்சிருச்சாம். மேல்வீட்டம்மா அந்த மீட்டரைத் தலைமேல வச்சிக்கிட்டு ஆடாத குறைதான்."

"உங்களுது ஏறினப்பதான் அவங்களுது இறங்குச்சா?"

அந்தப் பக்கம் கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "ஏங்க, ரெண்டும் மாறிக் கிடக்கோ?" என்றாள்.

"நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

"நான் சொல்றேன். எழுதுங்க."

ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். அவள் காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில் சும்மா பேசினாள்.

"முன்னாடி ஒருத்தர் வருவாரு. வாசல்ல நின்னே, இந்த மாசம் இஸ்திரிப்பெட்டி ரொம்ப ஓடியிருக்கும்மான்னு சொல்லிட்டுப் போவாரு. அவரையும் தூக்கிட்டாங்களா?"

ஆறு வருடம் வாசலில் கேட்ட குரல் இந்த வாசகக் குரலுக்குள் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. நான்தான்மா என்ற சொல் தொண்டை வரை வந்தது. மேலே 'பதிவாகிறது' என்று சிவப்புப் புள்ளி எரிந்தது.

"இல்லம்மா. இங்கதான் இருக்காரு. நல்லா இருக்காரு."

"பாத்தா நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

சொல்கிறேன் என்றார். எங்களை அழைத்தமைக்கு நன்றி என்பதையும் படித்தார்.

நான்கு வாரம் கழித்துக் கண்ணாடி அறையில் குழுத்தலைவி அந்தப் பதிவைத்தான் ஓடவிட்டாள். ஆள் போய்ப் பார்த்ததில் இரண்டு மீட்டரும் மாறித்தான் இருந்ததாம், சரிசெய்தாகிவிட்டதாம். இப்படிக் கேள்வி கேட்க இங்கே வேறு யாருக்கும் தெரியவில்லை என்று அவள் நிரந்தர ஆணையை நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார். ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருடம். ஒன்பது வருடமும் இந்த நாற்காலிதான்.

"அந்த மீட்டர்காரரை உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"பாத்திருக்கேன்."

எழுந்திருக்க வேண்டியவர் எழுந்திருக்கவில்லை.

"அந்தப் பதிவை இன்னொரு தடவை போடுங்க மேடம். எங்க தப்பு பண்ணினேன்னு பாத்துக்கிறேன்."

"தப்பே இல்லையே."

"இருந்தாலும் போடுங்க."

அவள் போட்டாள். தையற்காரம்மா விசாரிக்கிற இடம் வந்ததும் அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு, ஒலி வரும் பக்கமாகக் குனிந்து உட்கார்ந்தார்.