கடையா, வீடா?

ரஹ்மத்தை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினோம். ரஞ்சன்குடிக் கோட்டையிலிருந்து பீரங்கி இறக்கியவர்கள்கூட இவ்வளவு கத்தியிருக்க மாட்டார்கள். முன்பக்கம் அவள் வீட்டுக்காரர் ஜபருல்லா, பின்பக்கம் நானும் எதிர்க்கடை அஸ்லாமும்.

“மெதுவா அண்ணே, நான் என்ன அரிசி மூட்டையா?” என்று ரஹ்மத் என்னைத்தான் வைதாள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் மாடியைவிட்டு இறங்கியதில்லை. கீழ்த்தளத்தில் காசிநாதன் சிமெண்டுக் கடை வைத்திருந்தான். ஒப்பந்தக் காலம் முடிந்தும் காலி செய்யவில்லை. அவனை எழுப்பிவிட்டு மனைவியைக் கீழே குடிவைக்க வேண்டும், அவள் வாசலில் உட்கார்ந்து பெரம்பலூர்த் தெருவைப் பார்க்க வேண்டும். ஜபருல்லா வழக்குப் போட்டது இதற்குத்தான்.

வியாபாரத்துக்கு மட்டுமே பயன்படும் இடமென்றால் வழக்கு வணிகப் பிரிவில் நடக்கணுமாம். ஆள் குடியிருந்தால் சாதாரண சிவில். காசிநாதன் இதைப் பிடித்துக்கொண்டான். வழக்கு சிவிலில் இருந்தால் “வெறும் கடைதாங்க” என்பான். வணிகப் பிரிவுக்கு மாற்றினால் மூட்டைகளுக்கு நடுவே ஒரு கட்டிலும் அடுப்பும் முளைக்கும். “ராத்திரி இங்கதாங்க படுக்கறேன்.” அங்கும் இங்கும் அலைந்ததில் கேஸ் கட்டுக்குக் காலே முளைத்துவிட்டது. ஒருநாள் அரியலூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட் கேட்டது. நம்பாவிட்டால் போங்கள். ரிட்டயர் ஆன எனக்கு வாய்தா என்றால் தேர்த்திருவிழா. ஜபருல்லா கூப்பிடாமலே வந்துவிடுவேன்.

இப்போது வழக்கு வணிகப் பிரிவில் இருந்தது. இடம் கடையா வீடா என்று நேரில் பார்த்து எழுதும்படி இலக்கியா என்ற இளம் வக்கீலைக் கோர்ட் கமிஷனராக அனுப்பியிருந்தார்கள். ரஹ்மத்தின் நிலைமையையும் அவர் பார்க்கட்டும் என்றுதான் அவளைத் தூக்கி வந்தோம்.

அவர் உள்ளே போனதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுப்புக்குள் சிலந்தி மூணு தலைமுறையாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கட்டில் நிறைய சிமெண்டு. “கட்டில்ல மூட்டைதாம்மா படுத்திருக்கு” என்றேன். கமிஷனரே சிரித்துவிட்டார். ஜபருல்லா முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது.

மூட்டை இடுக்கில் ஒரு தூக்குவாளி இருந்தது. கமிஷனர் மூடியைத் திறந்தார். நோன்புக் கஞ்சி, ஆவி பறந்தது.

“இது யாருக்கு?”

காசிநாதன் வாயைத் திறக்குமுன் வாசல் நாற்காலியிலிருந்து ரஹ்மத் சொன்னாள். “அந்தப் புள்ளைக்குத்தாங்க. நாந்தான் கொடுத்தனுப்பறேன். ராவெல்லாம் இங்கனயே கெடக்குது. இருமற சத்தம் மேல கேக்குது.”

“ரஹ்மத்!” என்றார் ஜபருல்லா.

“நெசமாவே இங்க படுக்கறாராம்மா?”

“மூட்டை மேலயே படுத்துக்குது. போன தடவை கேஸ் கட்டு மாறுனதுலேர்ந்து.” கணவரைப் பார்த்தாள். “நோன்பு மாசத்துல பொய் சொல்லச் சொல்றீங்களா?”

பொய்யைக் காப்பாற்ற காசிநாதன் அதை நிஜமாகவே ஆக்கியிருக்கிறான்! அவனே தலையைக் குனிந்துகொண்டான். கமிஷனர் பேனாவைத் திறந்தார். கூட வந்திருந்த எங்கள் வக்கீல் என் காதில், “போச்சு சார். திரும்ப சிவில்தான். அங்க மொதல்லேர்ந்து” என்றார்.

நோன்பு திறக்கும் பாங்குக்கு நேரமாகிவிட்டதென்று அஸ்லாம் பள்ளிவாசலுக்கு ஓடினான். நாற்காலியின் பின்பக்கம் ஒரு காலுக்கு ஆளில்லை.

“நான் புடிக்கறேன் பாய்” என்று காசிநாதன் வந்தான். ஜபருல்லா அவனை ஒரு முழு வாய்தா நேரம் பார்த்தார். பிறகு முன்பக்கத்தைத் தூக்கினார்.

படி திரும்பும் இடத்தில் மூச்சு வாங்க நின்றோம்.

“கஞ்சியில உப்பு சரியா இருந்துச்சா தம்பி?” என்றாள் ரஹ்மத்.

“இன்னும் குடிக்கலைங்கம்மா.”

அவள் பாதங்கள் அந்தரத்தில் தொங்கின. கீழே வாசலில் ஊன்றியிருந்த சற்று நேரத்தில் இரண்டு உள்ளங்கால்களிலும் சிமெண்டுத் தூள் சாம்பலாக அப்பியிருந்தது. நான் துண்டை எடுத்துத் துடைக்கப் போனேன். கால்களை இழுத்துக்கொள்ள அவளால் முடியாது.

“இருக்கட்டும் அண்ணே” என்றாள். “தொடைக்காதீங்க.”